சென்னைப் பொறம்போக்குப் பாடல்: சொல்மீட்பும் அதன் எல்லையும்

முன்னுரை

காலநிலை மாற்றத்தைப் பொருளாகக் கொண்ட கலைப்படைப்புகள் பலவும் அச்சத்தையே முதன்மைக் கருவியாகக் கையாளுகின்றன. உருகும் பனியும் உயரும் கடலும் காண்போரை நெகிழச் செய்யினும், அவர்தம் அன்றாட வாழ்விலிருந்து விலகியே நிற்கின்றன. 2017 சனவரியில் வெளிவந்த ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ வேறொரு வழியை மேற்கொண்டது. கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைத்து, டி.எம். கிருஷ்ணா பாடிய இப்பாடலின் காணொளியை ரதீந்திரன் பிரசாத் இயக்கினார். நித்யானந்த் ஜெயராமன் முதலிய சூழலியல் செயற்பாட்டாளர்கள் எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்க முன்னெடுத்த இயக்கத்தின் பகுதியாக இது உருவாயிற்று. ஒரு சொல்லை மீட்டெடுத்ததிலேயே இதன் ஆற்றல் தங்கியுள்ளது என்பதையும், அம்மீட்பு எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் நிலமும்

‘புறம்போக்கு’ என்பது வருவாய்த்துறை ஆவணச் சொல். வரிவிதிப்புக்குப் புறம்பாக ஒதுக்கப்பட்ட, தனியார் உரிமைக்கு உட்படாத நிலத்தை அது குறிக்கும். ஏரி, மேய்ச்சல் நிலம், வண்டிப்பாதை, சுடுகாடு முதலிய ஊர்ப்பொது இடங்கள் இதனுள் அடங்கும். சென்னைப் பேச்சுவழக்கில் இச்சொல் ‘பொறம்போக்கு’ என மருவி, எதற்கும் உதவாதவரைச் சுட்டும் வசையாயிற்று. வரி தராத நிலம் பயனற்றது என்னும் எண்ணமே இப்பொருள் இழிபின் அடியில் உள்ளது. நெய்தல் திணையில் கழியும் கானலும் பரதவர் வாழ்விலிருந்து பிரிக்க இயலாதவை; வருவாய்ப் பதிவேடோ அதே கழியை வரியின் கண்கொண்டு நோக்கியது.

பாடல் இவ்விடத்தில்தான் தலையிடுகிறது. முதலில், எவர் ஒருவருக்கும் உரியதன்று, அனைவர்க்கும் உரியது என்னும் பொருளை அச்சொல்லுக்கு மீட்டளிக்கிறது. அடுத்து, நீர் வடியும் இடங்களைக் கட்டடங்கள் கவர்ந்தமையை வெள்ளத்தோடு பொருத்துகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நகரத்துக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. இறுதியில், நிலத்துக்கு உரிய சொல்லை மனிதர்மேல் ஏற்றுகிறது: பாடுவோன் தன்னையே பொறம்போக்கு என அழைத்துக்கொண்டு, கேட்போரையும் அவ்வாறே வினவுகிறான். பொதுநிலத்தைப் புறக்கணித்த சமூகம் அடுத்து மனிதரையும் புறக்கணிக்கும் என்னும் கருத்து, அறிவுரையாக அன்றி வினாவாக வெளிப்படுவதே பாடலின் உச்சம்.

இசையும் வழக்கும்

ஆனந்தபைரவி, பேகடை, தேவகாந்தாரி, சிந்துபைரவி உள்ளிட்ட இராகங்களால் ஆன இராகமாலிகையாகப் பாடல் அமைந்துள்ளது. கருநாடக இசைமேடை பெரிதும் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளுக்கும் பக்தித் தமிழுக்கும் பழகியது. அதில் சென்னைப் பேச்சுத்தமிழுக்கு இடமிருந்ததில்லை. அவ்வழக்கு கமகங்களோடு இழைந்து ஒலிக்கையில், இழிந்ததெனக் கருதப்பட்ட மொழியும் இழிந்ததெனக் கருதப்பட்ட நிலமும் ஒருசேர மதிப்புப் பெறுகின்றன. இங்கு வடிவமே வாதமாகிறது.

எல்லை

எனினும் இரு குறைகள் சுட்டத்தக்கன. முதலாவது, எண்ணூர் மீனவரின் துயரம் பாடப்படுகிறது. பாடும் குரல் அவர்களுடையதன்று. இரண்டாவது, எதிராளியை வரையறுப்பதில் உள்ள சிக்கல். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய கொடைக்கானல் பாதரசப் பாடலுக்கு ஒரே நிறுவனமும் இழப்பீடு என்னும் தெளிவான கோரிக்கையும் இருந்தன. தொழிலாளர்களின் நெடிய போராட்டத்துக்கு அது வலுச்சேர்த்தது; 2016இல் உடன்பாடும் எட்டப்பட்டது. எண்ணூரில் நிலை வேறு. கொசஸ்தலையாறு கடல்சேரும் கழிமுகத்தில் சாம்பலைச் சேர்க்கும் அனல்மின் நிலையங்கள் நகரத்துக்கு மின்சாரமும் தருகின்றன. கேட்போர் இல்லத்து விளக்கும் இவ்வழிவில் பங்குடையது. சாம்பலைக் கண்முன் நிறுத்தும் பாடல், அதே புகைபோக்கி வழி வெளியேறும் கரியமில வாயுவைப் பற்றிப் பேசுவதில்லை. கழிமுக அழிவையும் காலநிலை மாற்றத்தையும் இணைக்கும் கண்ணி அதனால் கேட்போர் ஊகத்துக்கே விடப்படுகிறது.

முடிவுரை

கழிமுகத்தை ஒரு பாடல் காத்துவிடாது. ஆனால் பயனற்றது எனப் பெயரிடப்பட்ட ஒன்றைக் காக்க எவரும் முன்வருவதில்லை. பெயரின் பொருளை மாற்றுவது செயலுக்கு முந்தைய செயல். அதனை இப்பாடல் நிறைவேற்றியுள்ளது. பொதுநிலத்தின்மேல் கேட்போருக்குள்ள உரிமையை உணர்த்திய கலை, அதன் அழிவில் அவர்களுக்குள்ள பொறுப்பையும் உணர்த்துவதே இனி எஞ்சியுள்ள பணி.