கடுவனா, பொட்டையா?

விளாங்குடிப் பக்கம் நாய்க்குட்டி கேட்டு வருகிறவர் முதலில் கேட்பது, "கடுவனா, பொட்டையா?" பொட்டை என்றால் ஆள் மெல்ல நழுவிவிடுவார். குட்டியாகப் போட்டுத் தள்ளும் என்ற பயம். ஒரு கருத்தடை அறுவையோடு தீர்கிற பயம்தான் அது.

இதை அலுக்காமல் விளக்குவது, தெருவில் மீட்ட குட்டியைத் தற்காலிகமாக வளர்ப்பவரின் கடைசி வேலை. முதல் வேலை சூடு. கண் திறக்காத குட்டிக்கு உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. ஆகவே பாலுக்கு முன்னால் கதகதப்பு. பசும்பால் வயிற்றைக் கலக்கும், குட்டிகளுக்கென்றே உள்ள பால்பொடிதான் சரி. மல்லாத்திப் புகட்டினால் புரையேறும், குப்புறப் படுக்கவைத்தே ஊட்ட வேண்டும். தாய் நக்கிவிடுவதுபோல ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டால்தான் மூத்திரம் போகும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி.

ரசிக்க வேண்டியது மூன்றாம் வாரத்துக்குப் பிறகு. குக்கர் விசில், திண்டுக்கல் சாலை பஸ் ஹாரன், பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் பழகுவது அப்போதுதான். இப்படிப் பழகிய குட்டி புது வீட்டில் மிரளாது.

இப்படித் தெருக்குட்டியை வீட்டில் வளர்ப்பது புதிதல்ல. 1959இல் சென்னை மழைவெள்ளத்தில் தத்தளித்த குட்டிகளை வீட்டுக்குத் தூக்கிவந்தார் விமானி வி. சுந்தரம். அவர் மனைவி உஷாவும் விமானி. புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு அந்த வீட்டில் பிறந்தது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று சாதி நாய் தேடி அலைகிறவர்கள் தெருக்குட்டியையும் ஒரு தரம் பாருங்கள். பொட்டை கேட்டால் உடனே கிடைக்கும்.