கை படாத தெளிவு

சென்னையில் அலங்கார மீன் என்றால் கொளத்தூர். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைகளில் கூடும் கூட்டத்தில் கடைசல் பட்டறைக்காரர், வெல்டர், பெயின்டர், பைக் மெக்கானிக் என்று எல்லாரும் உண்டு. பக்கத்திலேயே பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, மேற்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கும்போது அது இயல்புதான். பகலெல்லாம் கிரீஸிலும் தின்னரிலும் புழங்கிய கை மாலையில் கப்பிக்கும் ஃபைட்டருக்கும் தீனி போடுகிறது. அந்தக் கையை வைத்துக்கொண்டு தொட்டித் தண்ணீரைத் தெளிவு குலையாமல் காப்பது தனிக் கலை. மெனக்கெட்டுப் பழகியவர்களின் தொட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கடைசல் மெஷினில் பித்தளை கடைகிறவரை எடுத்துக்கொள்வோம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். இரண்டுமே மீனின் செவுளைத் தாக்கும். நன்னீர் மீன் தனக்கு வேண்டிய சோடியத்தைச் செவுள் வழியாகவே தண்ணீரிலிருந்து இழுக்கிறது. செம்பு அந்த வேலையைக் கெடுக்கிறது. இறாலின் சங்கதி இன்னும் வியப்பு. அதன் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினே செம்பால் ஆனதுதான். ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு துளியளவு இருந்தாலே இறால் செத்துவிடும். கடல் மீன் வளர்ப்பவர்கள் ஒட்டுண்ணி நோய்க்கு லிட்டருக்கு சுமார் 0.2 மில்லிகிராம் செம்பை மருந்தாகவே கலப்பதுண்டு. அந்தத் தொட்டியில் இறாலையும் நத்தையையும் விடமாட்டார்கள். தண்ணீரும் இதில் பங்கு வகிக்கிறது. கடினமான போர்வெல் தண்ணீரில் செம்பின் வீரியம் அடங்கும், மென்மையான ஆர்.ஓ. தண்ணீரில் ஏறும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீரில் இறால் வளர்க்கும் கடைசல்காரர், சட்டை மடிப்பில் ஒட்டி வரும் ஒரு பித்தளைப் பிசிறுக்கும் பயப்படத்தான் வேண்டும். வேலைச் சட்டையைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டுத் தொட்டிப் பக்கம் போகிறவர் விவரமானவர்.

மெக்கானிக்கின் பிரச்சினை வேறு. எண்ணெய் கரைவதில்லை, மேலே ஏடாகப் படர்கிறது. தொட்டிக்குள் ஆக்சிஜன் பெரும்பாலும் இறங்குவதே அந்த மேல்பரப்பு வழியாகத்தான். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கும் மீன்கள்; அவை ஒவ்வொரு முறையும் அந்த ஏட்டைத் துளைத்துக்கொண்டுதான் மூச்சு வாங்க வேண்டும். ஏடு தென்பட்டால் டிஷ்யூ தாளைத் தண்ணீரின் மேல் மெல்லப் பரப்பி, ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

கை கழுவுவதில்தான் இந்தக் கலையின் நுட்பமெல்லாம் இருக்கிறது. பட்டறையில் மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்ப்பது வழக்கம். கைக்கு அது போதும், தொட்டிக்குப் போதாது. தேங்காயெண்ணெய் விட்டு உள்ளங்கையையும் நகக்கண்ணையும் நன்றாகப் பிசைந்தால் கிரீஸ் இளகும். அதை வேஸ்ட் துணியில் துடைத்தெடுத்து, வாசனை இல்லாத சோப்பாலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் நகத்தடியைத் தேய்க்க வேண்டும். பிறகு முழங்கை வரை வெறும் தண்ணீரில் நிறைய நேரம் அலச வேண்டும். இந்தக் கடைசி அலசலைத்தான் பலரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கிரீஸுக்குக் குறையாத கேடு சோப்பு: செவுளை மூடியிருக்கும் வழுவழுப்பை அது அரித்துவிடும். கழுவியது போதுமா என்று பார்க்க ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் போதும். விரல்களை முக்கி எடுத்துவிட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்தால் மிச்சமிருக்கும் எண்ணெய் வானவில் நிறத்தில் மினுங்கும். மினுங்கினால் மறுபடி சோப்பு.

கை சுத்தமானாலும் காற்று இருக்கிறது. ஏர் பம்ப் எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறைக் காற்றைத்தான் குமிழியாகத் தண்ணீருக்குள் அனுப்பும். தின்னர் வாடையடிக்கும் சட்டையும் கொசுவிரட்டி மெஷினும் அதன் அருகில் கூடாது. கொசு, பூச்சி மருந்துகளில் வரும் பைரித்ராய்டு வகை ரசாயனங்கள் மனிதரைவிட மீனுக்கும் இறாலுக்கும் பல மடங்கு கொடியவை. பம்ப்பை வேறு அறையில் வைத்து, நீளமான டியூப் போட்டுக்கொள்வது நல்ல ஏற்பாடு.

ஆபத்து எதிர்ப்பக்கமிருந்தும் வரும். ஸ்பேனர் வழுக்கிக் கீறிய விரலோடு தொட்டிக்குள் கை விட்டால் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி தொற்றலாம். 1926இல் பிலடெல்பியாவில் மீன் காட்சியகத்து மீன்களில் ஜோசப் அரான்சன் கண்டறிந்தது இது. சுமார் 30 டிகிரி வெப்பத்தில் செழிப்பதால் உடம்பின் குளிர்ந்த பகுதிகளான கையிலும் விரலிலும் முடிச்சு முடிச்சாக எழும்பும்; ஆற மாதக்கணக்கில் மருந்து தேவைப்படும். தோள் வரை வரும் கையுறை இருபக்கத்துக்கும் காவல். பவுடர் பூசாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இதைவிட அழகான வழி, கையே இறங்காதபடி தொட்டியை அமைப்பது. ஜப்பானின் நிகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015) இயற்கைக் காட்சிபோலச் செடித்தொட்டி அமைக்கும் பாணியை உலகுக்குக் கொடுத்தவர். அவரது நிறுவனம் விற்ற நீண்ட இடுக்கிகளும் வளைந்த கத்தரிகளும் அந்தக் கலையின் அடையாளமாகவே ஆயின. எஞ்சினின் ஆழத்தில் விழுந்த வாஷரை நீள மூக்குக் குறடால் நிதானமாக எடுத்துப் பழகிய கைக்கு இந்த இடுக்கி புதிதல்ல. அந்த நிதானம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அழுக்குக் கைக்காரர்கள் இந்தக் கலையில் சோடை போகமாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்ல இதுவே காரணம்.

கருவிகளைத் தனியே வைப்பதும் அவர்களுக்குக் கைவந்த பழக்கம். சோப்பு கண்டிராத ஒரு வாளி, அதற்கென்று ஒரு சைபன் குழாய், கண்ணாடிப் பாசியை வெளியிலிருந்தே தேய்க்கும் காந்த பிரஷ், தீனிக்கு ஒரு சிறு கரண்டி இருந்தால் போதும். செடியிலும் தேர்வு இருக்கிறது. மணலில் ஊன்ற வேண்டியவற்றை விட்டு ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் வாங்கலாம். வெளியிலேயே கல்லில் நூலால் கட்டி, இடுக்கியில் பிடித்து இறக்கிவிட்டால் சில வாரங்களில் வேர் கல்லைப் பற்றிக்கொள்ளும். கட்டும்போது தண்டு கல்லுக்கு மேலேயே இருக்க வேண்டும்; மணலில் புதைந்தால் அழுகிவிடும்.