தானே விழும் புள்ளி

சொற்செயலியில், அதாவது ஆவணங்களைத் தட்டச்சிட்டுத் திருத்தி வடிவமைக்கும் மென்பொருளில், தமிழ் எழுதப் பழகுவோர் முதலில் கற்கத்தக்கது, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் உருப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையே ஆகும். உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியவை. பழைய தட்டச்சுப்பொறியில் 'கெ' எழுதக் கொம்பை முதலில் அடிக்க வேண்டியிருக்க, இங்கே ககரத்தின் பின் எகரத்தை அடிப்பதால், கை ஒலியின் வரிசையையே பின்பற்றுகிறது. அதனினும் அழகானது தானியங்கிப் புள்ளி: ஒரே மெய் இரட்டித்தாலோ, ஙகரத்தை அடுத்துக் ககரமும் நகரத்தை அடுத்துத் தகரமும் போல இனவெழுத்து தொடர்ந்தாலோ, முன்னெழுத்தின்மேல் புள்ளி தானே விழுவதால், 'அம்மா' நான்கே தட்டல்களில் முடிந்துவிடுகிறது; 'மமதை' போன்ற அரிய சொற்களில் மட்டும், புள்ளி விழாதிருக்க, இரு மகரங்களுக்கிடையே அகர விசையை அழுத்த வேண்டும்.