தனக்கென வரைந்த கோடு

தஞ்சையில் 1924-இல் பிறந்து, குடந்தை ஓவியப் பள்ளியில் பயின்றவர் கோபுலு. ‘ஆனந்த விகட’னில் கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடராக வந்தபோது, சண்முகசுந்தரத்தையும் மோகனாவையும் நம் வீட்டுத் திண்ணைகளுக்கே அழைத்து வந்தது அவர் தூரிகை. எனினும் அக்கோடுகள் கதைக்குக் கட்டுப்பட்டவை. வாரந்தோறும் பிறர் கற்பனைக்கு உருக்கொடுக்கும் ஓவியன், தனக்கென ஒன்றை எப்போது வரைவது? வரைந்தால் அதனால் விளையும் பயன்தான் என்ன?

இவ்வினாவுக்கு விடை தேடுகையில் கே. எம். ஆதிமூலம் நம் நினைவுக்கு வருகிறார். திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்து 2008-இல் மறைந்தவர். நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ஐ ஒட்டிக் கறுப்பு மையினால் அவர் தீட்டிய காந்தி ஓவியங்கள் 100. எந்தக் கதையையும் விளக்க வந்தவை அல்ல அவை.

ஒரே மனிதரை நூறு முறை வரைவது எளிதன்று. முதற் சில படங்களுக்கு முகச்சாயல் கைகொடுக்கும். அதன்பின் கோடுதான் பேசியாக வேண்டும். மெலிந்த உடல் இங்கே பின்னிய கோடுகளிலிருந்தே எழுகிறது. தீட்டாது விட்ட வெண்மையும் ஒளியாகிறது. சில இடங்களில் கோட்டின் வேகம் மனிதரை மறைத்துவிடுகிறது என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், அவ்வாறு தவறவும் உரிமை தருவது தனக்கென வரையும் தாள் ஒன்றே. நாள் குறித்து அச்சுக்குப் போகும் படத்தில் அவ்வுரிமை இல்லை.

பயன் பின்னர் தெரிந்தது. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ‘ஜூனியர் விகட’னில் வெளிவந்தபோது, உடன் வந்தவை ஆதிமூலத்தின் கோடுகள். அவை எழுத்துக்குப் பணிவிடை செய்யவில்லை, அருகமர்ந்து உரையாடின. தனிமையில் பழகிய கையன்றோ அது!

நாற்றங்காலையும் நாகூர் மினாராவையும் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைக்கும் பிள்ளைகள் நம் இல்லங்களிலும் உண்டு. ‘இது சோறு போடுமா?’ என்று அத்தா கேட்கிறார், நோட்டு பறிபோகிறது. கேள்வி நியாயமானதே. ஆனால், காவிரிக்கரை உழவன் விளைந்த நெல் முழுவதையும் சந்தைக்கு அனுப்புவதில்லை, உலைக்கும் போடுவதில்லை. விதைக்கென்று ஒரு பங்கைத் தனியே கட்டி வைக்கிறான்.

அந்தக் கடைசிப் பக்கம் விதைநெல். அதைக் குத்தித் தின்றுவிட வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.