அசையாத நிழல்களின் அசைவு

லொட்டே ரைனிகரின் ‘இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்’ 1926இல் பேர்லினில் திரையிடப்பட்ட ஜேர்மானியப் படம். இன்று பார்க்கக் கிடைக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களுள் மிகப் பழையது இதுவே. ஆயிரத்தொரு இரவுகளின் கதைகளை எடுத்தாண்டது என்பதற்காக மட்டுமன்றி, அதன் செய்முறைக்காகவும் நாம் இதனைப் பார்க்க வேண்டும்.

கறுப்பு மட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் கத்தரிக்கோலால் வெட்டிய உருவங்கள். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் தனித்தனித் துண்டுகள், கம்பியால் பிணைக்கப்பட்டவை. கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடி மேசையில் உருவத்தைக் கிடத்தி, மேலே பொருத்திய கெமராவால் ஒரு படம். கையை மயிரிழையளவு நகர்த்தி இன்னொரு படம். இப்படியே 1923 முதல் 1926 வரை. திரையில் ஓடுவதோ ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. எந்தப் படத்திலும் அஹ்மத் அசையவில்லை. அப்படியானால் அவன் பறக்கும் குதிரையில் ஏறிப் போவதை நாம் எங்கே காண்கிறோம்?

“பார்த்த உருவம் கண்ணில் சிறிது நேரம் தங்கும், அடுத்தது அதனோடு ஒட்டிக்கொள்ளும்” என்றே பல வருடங்கள் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தேன். அது பிழை. தங்கிய உருவத்தின் மேல் அடுத்தது விழுமானால் அஹ்மதுக்குப் பத்துக் கைகள் தெரிய வேண்டும். கறுப்பின் மேல் கறுப்புப் படிந்து திரை மைக்கறையாக வேண்டும். அப்படி நேர்வதில்லையே. மக்ஸ் வேர்தைமர் இரு கோடுகளை மாறிமாறிக் காட்டிய சோதனைகளை 1912இல் வெளியிட்டார். இடைவேளை மிகக் குறைந்தபோது இரண்டும் ஒருங்கே தெரிந்தன. மிகக் கூடியபோது ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. நடுவில், செக்கனில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு இடைவேளையில், ஒரே கோடு இடம்பெயர்வதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கண்ணில் தங்கல் என்பது கட்டுக்கதை என ஜோசப் அண்டர்சனும் பார்பரா பிஷரும் 1978இல் எழுதியே விட்டனர். என் பாடக்குறிப்புக்கு அது வந்து சேரவில்லை.

வெட்கப்பட இன்னொரு காரணமும் உண்டு. 11ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-ஹைதம் ‘கிதாபுல் மனாழி​ர்’ நூலில், ஒரு பொருளை இரு வேறு கணங்களில் இரு வேறு நிலைகளில் உணர்வதாலேயே அசைவு அறியப்படுகிறது, அதற்குக் காலம் தேவை என விளக்கியிருக்கிறார். பார்த்தலில் கண்ணோடு தீர்மானிக்கும் ஆற்றலுக்கும் பங்குண்டு என்பது அவரது நிலைப்பாடு. (அவர் சினிமாவை முன்னறிந்தார் என்று மேடையில் பெருமை பேசுவது வேறு சங்கதி, அது வேண்டாம்.)

ரைனிகரின் திறமை வெட்டுவதில் மட்டுமல்ல, ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையிலான தூரத்தை அளப்பதிலும் உள்ளது. நகர்வு சிறிதானால் கை மெல்ல உயரும், பெரிதானால் வீசப்படும். பக்கத்தோற்றம் மட்டுமே கொண்ட இவ்வுருவங்களுக்கு முகபாவம் கிடையாது. பெரி பானுவின் அச்சம் அவள் தலை சாயும் வேகத்தில்தான் தெரிகிறது. சூனியக்காரனும் சூனியக்காரியும் சிங்கம், பாம்பு, தேள், சேவல் என உருமாறிப் பொருதும் கட்டத்தை எத்தனை தரமும் பார்க்கலாம். பெரி பானுவின் இறகாடையைக் களவாடி அவளைத் தூக்கிச் செல்வதைக் காதலென்று படம் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய குறை சூனியக்காரனே. ‘ஆபிரிக்கச் சூனியக்காரன்’ என்றே அறிமுகமாகும் அவனுக்கு வளைந்த மூக்கு, நகங்கள் நீண்ட விரல்கள். ரைனிகர் தருவது வெளிக்கோடு மட்டும். மிச்சத்தை நாமே நிரப்புகிறோம். இரு படங்களுக்கிடையில் அசைவை நிரப்பும் அதே மனம் இங்கே எதைக் கொண்டு நிரப்புகிறது?

படத்தின் சில பகுதிகளை மட்டும் மாணவர்களுக்குக் காட்டினேன். சூனியக்காரன் தோன்றியதுமே “இவன்தான் கெட்டவன்” என்றாள் ஒரு பிள்ளை. படத்தை நிறுத்தினேன்.

“அவன் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே, எப்படித் தெரியும்?”

“மூக்கப் பாத்தா விளங்குதே சேர்.”

அசைவு பற்றிய கேள்விகளுக்குத்தான் நான் பதில் ஆயத்தம் செய்து வந்திருந்தேன்.