ஏரி நிறைந்தால் போதுமா?

கிராமத் தொழில்கள் நசிவதற்கு 1991-க்குப் பின் வந்த உலகமயமே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களைப் பொறுத்தவரை இது பாதி விளக்கமே. நெல் விளைந்த நிலம் சவுக்குத் தோப்பாவதில் வெளிச்சந்தைக்குப் பங்கு உண்டு. ஆண்டுதோறும் நடவு கேட்காத சவுக்கால் பெண்களின் கூலி வேலை குறைகிறது என்பதும் உண்மை. ஆனால் நிலத்தடி நீரை இறைக்கும் மின்சார மோட்டார் அதற்கு வெகுமுன்பே வந்துவிட்டது.

இதன் பௌதிகத்தைச் சற்றுக் காண்போம். தரைமேல் வைத்த பம்பு நீரை இழுப்பதில்லை; காற்றழுத்தமே நீரைக் குழாயில் ஏற்றுகிறது. காற்றழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரம் சுமார் 10 மீட்டர்தான். நடைமுறையில் நீர்மட்டம் 7 மீட்டருக்குக் கீழே போனாலே பம்பு திணறும். கிணற்றுக்குள் மோட்டாரை இறக்கி வைக்கலாம். அதற்கும் எல்லை உண்டு. பிறகு ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும்தான் வழி. நீர்மூழ்கி மோட்டார் அடியிலிருந்து நீரைத் தள்ளுவதால் 10 மீட்டர் எல்லை அதைக் கட்டுப்படுத்தாது. பணம் உள்ளவர் ஆழம் போகிறார். அக்கம்பக்கத்துத் திறந்த கிணறுகள் வற்றுகின்றன. 1,000 லிட்டர் நீரை 10 மீட்டர் ஏற்ற 98,000 ஜூல் போதும். 100 மீட்டர் ஏற்ற அதைப்போல் பத்து மடங்கு வேண்டும். மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லையென்றால் இந்தப் பத்து மடங்கு யார் கண்ணிலும் படாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 1999-இல் தொடங்கிய புதுச்சேரி ஏரிகள் புனரமைப்புத் திட்டத்தை இந்தக் கோணத்தில்தான் எடைபோட வேண்டும். 84 ஏரிகளை அது எடுத்துக்கொண்டது. ஏரிப் பயனாளர் சங்கங்களையும் அமைத்தது. இதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. (வெளிநாட்டுப் பணம் ஏரியைக் காக்கவும் வந்தது என்பதை உலகமயத்தைச் சாடுவோர் ஏனோ சொல்வதில்லை.) ஆனால் பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியே வந்து பாகூர் ஏரியை நிரப்பினாலும், அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி, ஆழமான மோட்டார் யாருடையதோ அவரிடமே சேர்கிறது. மதகு நீரைப் பகிர முறை உண்டு; ஆழ்துளை நீருக்கு அப்படி ஒரு முறையை ஊர் வகுக்கவில்லை. சொந்தக் கிணறு உள்ளவர் ஏரிக்கரைப் பக்கம் வரவேண்டிய அவசியமும் இல்லை. பின்பு சங்கத்தில் யார் இருப்பார்?

நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டது. கிணறு தோண்ட அனுமதி வாங்குவது வேறு, அதிலிருந்து எடுக்கும் நீரை அளப்பது வேறு. பாகூர் கொம்யூனின் கிழக்கே கடல் இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரினுடையது 1.025. ஆகவே கரையோர மண்ணில் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் மிதந்து நிற்கும். மேலே அரை மீட்டர் குறைந்தால், நாளடைவில் கீழே உப்புநீர் 20 மீட்டர் ஏறிவிடும். ஏரியின் கொள்ளளவைப் பெருமையுடன் கூறும் அறிக்கைகள், சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பையும் அதே பக்கத்தில் அச்சிடட்டும்.