ஹெர்குலிஸ் அசைவூட்டத் தொடரில் ஹேடிஸின் நகைச்சுவைச் சித்திரிப்பு

'ஹெர்குலிஸ்' என்பது வால்ட் டிஸ்னி நிறுவனம் தயாரித்து 1998-1999 காலத்தில் ஒளிபரப்பான அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடர். இது 65 பகுதிகளைக் கொண்டது. ரான் கிளெமென்ட்ஸ், ஜான் மஸ்கர் ஆகியோர் இயக்கி 1997-இல் வெளிவந்த, இதே பெயருடைய திரைப்படத்திலிருந்து கிளைத்தது. பள்ளி மாணவனான ஹெர்குலிஸும் அவனுடைய நண்பர்கள் இக்காரஸ், கசாண்ட்ரா ஆகியோரும் இதன் முதன்மைப் பாத்திரங்கள். ஆயினும் தொடரின் நகைச்சுவையைப் பெரிதும் தாங்கி நிற்பவர் பாதாள உலகின் அதிபதியான ஹேடிஸ். கிரேக்கத் தொன்மத்தின் ஹேடிஸுக்கும் இவருக்கும் உள்ள தொலைவு ஆராயத்தக்கது.

பாத்திர அமைப்பு

இத்தொடரின் ஹேடிஸுக்குத் தலைமுடிக்குப் பதிலாக நீலச் சுடர் எரிகிறது. சினம் வந்தால் அது செந்தீயாகப் பொங்குகிறது. திரைப்படத்திலும் தொடரிலும் இவருக்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் வுட்ஸ். பேரம் முடியும்வரை ஆளை விடாத தரகரைப் போல மூச்சுவிடாமல் பேசுவது இப்பாத்திரத்தின் அடையாளம். கெஞ்சல், மிரட்டல், கிண்டல் மூன்றும் ஒரே பேச்சில் அடுத்தடுத்து வரும். தொடரில் அளித்த குரல் நடிப்புக்காக வுட்ஸ் 2000-ஆம் ஆண்டு பகல்நேர எம்மி விருது பெற்றார்.

வலி, பீதி என்று பொருள்படும் பெயர்களைக் கொண்ட பெயின், பேனிக் என்னும் இரு குட்டிப் பூதங்கள் இவருடைய ஏவலாளர்கள். ஏவிய வேலையைக் கெடுத்துவிட்டு வந்து நிற்பதே இவர்கள் வழக்கம். இறந்தோர் அனைவரையும் ஆளும் தெய்வத்தால் இரண்டு முட்டாள்களைக் கட்டி மேய்க்க முடியவில்லை என்பதில்தான் சிரிப்பு பிறக்கிறது. பதவியின் பெருமைக்கும் ஆளின் அல்லலுக்கும் இடையிலான இந்த முரண் திறமையாகக் கையாளப்பட்டுள்ளது.

தொன்மத்தில் ஹேடிஸ்

கிரேக்கத் தொன்மத்தின் ஹேடிஸ் தீயவர் அல்லர். ஹோமரின் இலியட் காப்பியத்தின்படி, உடன்பிறந்த மூவரும் சீட்டுப் போட்டு உலகைப் பங்கிட்டனர். ஜீயஸுக்கு வானமும், பொசைடனுக்குக் கடலும், ஹேடிஸுக்குப் பாதாளமும் கிடைத்தன. கிரேக்கர்கள் அச்சத்தால் இவர் பெயரைச் சொல்லத் தயங்கினர். விளைச்சலும் கனிமமும் மண்ணுக்கு அடியிலிருந்து வருவதால், செல்வத்தோடு தொடர்புடைய புளூட்டோன் என்னும் பெயரால் இவரைக் குறித்தனர். இவர் கண்டிப்பானவர், ஆனால் முறை தவறாதவர். ஆயுதமின்றி அடக்க முடிந்தால் காவல் நாயான செர்பெரஸைக் கொண்டுபோகலாம் என்று ஹெராக்ளீஸுக்கு இசைவு தந்தவரும் இவரே.

ஹெராக்ளீஸைப் பிறப்பிலிருந்தே துன்புறுத்தியவர் ஜீயஸின் மனைவி ஹீரா. ஜீயஸுக்கும் அல்க்மீனி என்னும் மானிடப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை என்பதே அவருடைய பகைக்குக் காரணம். தொட்டிலுக்குப் பாம்புகளை அனுப்பியவரும் அவரே. டிஸ்னியின் கதையில் ஹீரா பாசமுள்ள தாயாகிறார்; பாம்புகளாக உருமாறிக் குழந்தையைத் தாக்குபவர்கள் பெயினும் பேனிக்கும். தந்தையின் ஒழுக்கக்கேட்டைச் சிறுவர் படத்தில் சொல்ல இயலாத நிலையில், ஹீராவின் பகை முழுவதும் ஹேடிஸின் தலையில் ஏற்றப்பட்டுவிட்டது.

கிரேக்கரின் தெய்வ நகைச்சுவை

தெய்வத்தைக் கேலி செய்தது இத்தொடரின் குற்றம் ஆகாது. கிரேக்கர்களே அதைத் தாராளமாகச் செய்தவர்கள். கி.மு. 405-இல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் 'தவளைகள்' நாடகத்தில் டயோனைசஸ் தெய்வம் கோழையாக வருகிறது. ஹெராக்ளீஸைப் போல வேடமிட்டுப் பாதாளம் செல்கிறது. அந்த நாடகம் நடந்ததும் அதே தெய்வத்துக்கான திருவிழாவில்தான். ஆனால் அதில் வரும் புளூட்டோன் கேலிக்கு ஆளாவதில்லை. விருந்தோம்பி வழியனுப்பும் தலைவராகவே வருகிறார்.

சிசிஃபஸ் கதையில் பாதாளமே ஏமாறுகிறது. தனக்கு ஈமச்சடங்கு செய்யவேண்டாம் என்று மனைவியிடம் முன்பே சொல்லிவைத்துவிட்டு இறக்கிறான் சிசிஃபஸ். பின், சடங்கு நடக்கவில்லை என்று பாதாளத்தில் முறையிட்டு, அவளைக் கண்டித்துவிட்டு வருவதாக விடைபெற்று மேலே போனவன் திரும்பவே இல்லை. அங்கே பாதாளம் ஏமாந்தது சடங்கை மதித்ததால். தொடரின் ஹேடிஸ் ஏமாறுவது பேராசையால். இரண்டிலும் சிரிப்பு உண்டு. சிரிப்பின் தன்மை வேறு.

மதிப்பீடு

தொடரின் முதற்குறை, ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வருவது. ஹேடிஸ் தோற்றே ஆகவேண்டும் என்பது பார்ப்பவருக்கு முன்பே தெரியும். மேலும், திரைப்படத்தில் ஹெர்குலிஸ் வளர்ந்து ஆளாகும்வரை அவன் உயிரோடிருப்பதையே ஹேடிஸ் அறியமாட்டார். தொடரிலோ பள்ளிப் பருவத்திலேயே மோதுகிறார். இந்த முரண்பாட்டுக்குத் தொடர் விளக்கம் தரவில்லை.

ஹேடிஸின் பதவியிலிருந்தே நகைச்சுவை எழும் இடங்களில் தொடர் சிறக்கிறது. 'அலாவுதீன்' கதையின் வில்லன் ஜாஃபர் இறந்தபின் ஹேடிஸோடு கூட்டுச் சேரும் பகுதி இதற்குச் சான்று. தோற்றுப்போன இருவர் தத்தம் எதிரியைப் பற்றி அங்கலாய்க்கும் அந்தக் காட்சிகளுக்கு இறந்தோர் உலகமே பொருத்தமான இடம்.

பெரிய குறை வேறு. கிரேக்கர் கண்ட பாதாளம், எல்லோருக்கும் உரிய முடிவு. அதை ஆள்வது ஹேடிஸுக்குச் சீட்டில் விழுந்த பொறுப்பு. தொடரில் அவர் அந்தப் பொறுப்பை வெறுத்து, ஒலிம்பஸ் ஆட்சிக்கு ஏங்கும் சதிகாரர். கிரேக்கத் தொன்மத்தை இத்தொடர் வழியாகவே முதலில் அறியும் சிறுவர், சாவின் தெய்வம் என்றாலே தீமையின் தெய்வம் என்று எண்ணிக்கொள்வர். அந்த எண்ணம் கிரேக்கருடையது அன்று. தொடரைச் சிறுவருக்குக் காட்டும் பெற்றோரும் ஆசிரியரும், செர்பெரஸை அழைத்துச்செல்ல ஹேடிஸ் இசைவு தந்த கதையையும் உடன் சொன்னால் இக்குறை பெருமளவு நீங்கும்.